முனகும் பம்பு!
ஸ்டீயரிங் சத்தம் சொல்லும் சேதி

அமெரிக்காவில் 'பிக்-அப்' வண்டிகள் ஏராளம். முன்னால் டிரைவர் அறை. பின்னால் திறந்த தொட்டி. வைக்கோல், விறகு, மரச்சாமான் எல்லாம் அதில் போகும். 1980-களில் செய்த வண்டிகளைக் கூட பலர் இன்னும் ஓட்டுகிறார்கள்.

இந்தப் பழைய வண்டிகளில் ஒரு தொல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் "ம்ம்ம்..." என்று முனகும். அந்தக் காலத்து 'போர்டு எப்-150' வண்டியின் பம்பு இந்த முனகலுக்கே பேர் போனது!

சத்தம் கேட்டதும் புது பம்பு வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. பல சமயம் அது வீண் செலவு. கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

எண்ணெயின் பலம்

கனமான வண்டியின் சக்கரங்களைத் திருப்ப எண்ணெயின் அழுத்தத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர். 1926-ல் ஒரு காரில் அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951-ல் 'கிரைஸ்லர்' கம்பெனி 'பவர் ஸ்டீயரிங்' வைத்த கார்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

என்ஜின், பெல்ட் மூலம் பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. எண்ணெய் குறைந்தால் காற்றும் உள்ளே போகும். காற்றுக் குமிழிகள் அழுத்தத்தில் நசுங்கும்போது முனகல் உண்டாகிறது.

என்ன சத்தம்?

"கிரீச்" என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. அதை இறுக்க வேண்டும். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பினால் "உஸ்" என்று கேட்கலாம். அது கோளாறு அல்ல. ஆனால் அப்படியே ஐந்து வினாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. எண்ணெய் அதிகமாகச் சூடேறிவிடும்.

என்ஜின் வேகத்தோடு முனகலும் ஏறினால், எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நுரை இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கறுத்திருந்தால் எண்ணெய் பழசு.

டப்பாவில் இருந்து பம்புக்கு எண்ணெய் இழுக்கும் குழாயின் 'கிளிப்' தளர்ந்தாலும் காற்று புகும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது!

காற்றை விரட்டும் வழி

முன் சக்கரங்களை 'ஜாக்கி'யால் தூக்கி, உறுதியான 'ஸ்டாண்டு' மீது நிறுத்த வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். கம்பெனி புத்தகத்தில் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

பிறகு, என்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை மெதுவாகத் திருப்ப வேண்டும். எண்ணெய் குறையக் குறைய ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகே என்ஜினைப் போட வேண்டும்.

அலட்சியம் கூடாது

முனகலை அப்படியே விட்டால் பம்பு தேயும். ஒரு நாள் வளைவில் ஸ்டீயரிங் திடீரென்று கனத்துவிடும். ஒழுகும் எண்ணெய் சூடான புகைக் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

எல்லாம் பார்த்த பிறகும் இரைச்சல் நிற்காவிட்டால் பம்பை மாற்றத்தான் வேண்டும். அப்போது பழைய எண்ணெயை முழுவதும் கழுவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் உள்ள இரும்புத் தூள் புது பம்பையும் அரித்துவிடும்.

முதலில் எண்ணெய், அடுத்து பெல்ட், பிறகு குழாய். கடைசியில்தான் பம்பு!