தண்ணீர் இல்லாத ஏரிக்கு ஒரு பயணம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மில்டுரா நகரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது முங்கோ தேசியப் பூங்கா. அதற்குள் இருக்கும் முங்கோ ஏரி பெயருக்குத்தான் ஏரி. தண்ணீர் வற்றிப் பதினைந்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது! ஏரிப்படுகையில் இப்போது உப்புப்புதர்களும் கங்காருகளும்தான்.

கிழக்குக் கரையில் மட்டும் காற்று குவித்த மணல்மேடு, பிறை வடிவில் சுமார் 33 கிலோமீட்டர் நீள்கிறது. மழையும் காற்றும் அதை அரிக்க அரிக்க, உள்ளே புதைந்திருந்தவை வெளியே வருகின்றன. புவியியலாளர் ஜிம் பவுலர் 1968இல் இங்கே ஒரு பெண்ணின் எலும்புகளைக் கண்டார். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் எரியூட்டப்பட்டவள். உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய தகனங்களில் இதுவும் ஒன்று. 1974இல் அவரே கண்ட ஆணின் உடல்மீதோ செங்காவிப் பொடி தூவியிருந்தார்கள். அந்தக் காலத்திலேயே இறந்தவர்களுக்கு இத்தனை சடங்கு!

இரண்டு பேரின் எலும்புகளும் பல ஆண்டுகள் கான்பராவில் ஆய்வில் இருந்தன. பெண்ணுடையது 1992இலும், ஆணுடையது 2017இலும்தான் ஊர் திரும்பின.

போக நினைப்பவர்களுக்கு: கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்லது. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை. குடிநீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போகவேண்டும். மணல்மேட்டில் பழங்குடி வழிகாட்டியோடுதான் ஏறலாம். மழை பெய்தால் மண்சாலையை மூடிவிடுவார்கள். அதனால் புறப்படும் முன் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.