கப்சாயும் புல்லட்டும்: வண்டிப் பெயர்ப் பற்றின் வேர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா நிலையத்தை ஒட்டிய மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சற்றே நின்று நோக்குவோம். ‘ஜே’ என்னும் எழுத்தில் தொடங்கும் ஜொகூர்ப் பதிவெண் தாங்கிய சிறு வண்டிகள் ஒருபுறம் நிற்கும். 200 சிசிக்கு உட்பட்ட உள்ளூர் வண்டிகள் மறுபுறம் நிற்கும். அவற்றிடையே 400 சிசி ஹோண்டா ‘சூப்பர் ஃபோர்’ ஒன்றும் தலைகாட்டக்கூடும். உரிமையாளரை வினவினால், அப்பா ஓட்டிய வண்டி என்பார் ஒருவர். பழுதே வராது என்பார் இன்னொருவர். இதன் ஓசையே தனி என்பார் மற்றொருவர். இவ்வுணர்வை வணிகப் பெயர்ப் பற்று எனலாம். இப்பற்று மனத்தில் மட்டும் முளைப்பதா, அன்றி வேறெங்கேனும் அதற்கு வேர் உண்டா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா. மொழியைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவ்வினா ஏன் உரியது என்பது இறுதியில் விளங்கும்.

பெயர் ஆகுபெயராதல்

“அவர் ஹோண்டா வாங்கினார்” என்னும் தொடரை நன்னூல் கற்ற மாணவர் எளிதில் இலக்கணப்படுத்துவர். செய்தவர் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவந்தமையால் அது கருத்தாவாகுபெயர். ஹோண்டா என்பது சொய்சிரோ ஹோண்டா என்னும் மனிதரின் குடும்பப் பெயர். ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்பதற்கும் இதற்கும் இலக்கணத்தில் வேறுபாடு இல்லை.

பெயர் இன்னும் ஒருபடி நகர்வதும் உண்டு. ஓசூரில் தொடங்கப்பெற்ற டிவிஎஸ் நிறுவனம் 1980இல் 50 சிசி திறன்கொண்ட சிறு வண்டியொன்றை வெளியிட்டது. தமிழகச் சிற்றூர்களில் ‘டிவிஎஸ் ஃபிஃப்டி’ என்பது நாளடைவில் எந்த நிறுவனத்தின் மொப்பெட்டையும் குறிக்கலாயிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கு இணையான சொல் ‘கப்சாய்’. ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ வண்டியின் பெயரோடு, சிறியது என்னும் பொருள் தரும் சீனக் கிளைமொழி ஒட்டு சேர்ந்து இச்சொல் பிறந்தது என்பர். ‘கப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே விலங்கின் குட்டி என்று பொருள். ஆகவே கப்சாய் என்பது ‘குட்டிக்குட்டி’ எனப் பொருள் இரட்டித்து நிற்கும் சொல். நம்மவர் ‘நடுசென்டர்’ என்பதைப் போன்றது. இன்று யமஹா செய்த வண்டியும் கப்சாய். சுசுகி செய்ததும் கப்சாய். ஒரு நிறுவனத்தின் பெயர் ஓர் இனத்தின் பெயராகிவிட்டது.

‘புல்லட்’டின் வரலாறு வேறு வகையினது. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு 1932 முதல் வழங்கிய பெயர் அது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய் நிறுவனம் பின்னர் இங்கிலாந்தில் மறைந்தது. பெயரோ சென்னையில் வாழ்கிறது. பிறந்த மண்ணில் வழக்கிழந்த சொல், குடிபெயர்ந்தோர் நாவில் உயிர்த்திருப்பதை மொழியியலார் பலகாலும் கண்டுள்ளனர். புல்லட்டின் வாழ்வும் அத்தகையதே.

சட்டம் வரையும் கோடு

பெயர் மக்கள் வாயில் வளர்கிறது. ஆனால் எந்த வண்டி அவர்கள் கைக்கு முதலில் வந்து சேரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஓர் எண்.

சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று படிகளை உடையது. 200 சிசி வரை ‘2பி’. 201 முதல் 400 சிசி வரை ‘2ஏ’. அதற்கு மேல் ‘2’. ஒவ்வொரு படியிலும் ஓராண்டேனும் நின்றே அடுத்த படிக்கு ஏற இயலும். மலேசியாவில் ‘பி2’ உரிமத்தின் எல்லை 250 சிசி. எனவே ஜொகூர் இளைஞருக்குத் தொடக்க வண்டியாக அமையும் 250 சிசி வண்டி, கடற்பாலத்திற்கு இப்பால் வாழும் இளைஞருக்கு இரண்டாம் படி வண்டியாகிவிடுகிறது. தமிழகத்தில் புல்லட்டின் ஓசை கேட்டு வளர்ந்து இங்குக் குடியேறிய ஒருவர், புதிதாக உரிமம் பெறுவாராயின், 350 சிசி வகையைச் சேர்ந்த அவ்வண்டியை முதலாண்டில் ஓட்ட முடியாது. பற்று ஊரிலிருந்தே உடன் வந்தாலும் கோடு அவரைத் தடுத்து நிறுத்துகிறது.

இந்தியாவில் கியர் உள்ள வண்டிக்கான உரிமம் பெற்றவர்க்குச் சிசி வரம்பு இல்லை. அங்குக் கோட்டை வரைவது வரி. 2017இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 28 விழுக்காட்டு வரியுடன் 3 விழுக்காடு கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லை வரையுள்ள வண்டிகளுக்கு 18 விழுக்காடும், அதைக் கடந்தவற்றுக்கு 40 விழுக்காடும் வரி. ராயல் என்ஃபீல்டு தன் பெருவிற்பனை வண்டிகளுக்கு 349 சிசி இயந்திரம் பொருத்துவதன் பயன் இதனால் விளங்கும்.

சூப்பர் ஃபோர் வண்டியின் கதை இன்னும் சுவையானது. ஜப்பானில் பொது மோட்டார் சைக்கிள் உரிமத்தின் எல்லை 400 சிசி. அந்த எல்லையை ஒட்டியே 399 சிசி நாற்சிலிண்டர் இயந்திரத்துடன் 1992இல் ஹோண்டா அவ்வண்டியை வெளியிட்டது. சிங்கப்பூரின் 2ஏ எல்லையும் 400 சிசியாக இருந்தமையால் ஜப்பானியருக்கென உருவான வண்டி இங்கும் தலைமுறைகளின் விருப்ப வண்டியாயிற்று. இரு நாட்டுச் சட்டங்களும் ஓரெண்ணில் பொருந்தியதே அப்பற்றின் வேர்.

இவற்றோடு விலையும் சேர்கிறது. இங்கு மோட்டார் சைக்கிள்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ்க் கட்டணம் 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. 2017 முதல், வண்டியின் சந்தை மதிப்பு உயர உயரக் கூடுதல் பதிவுக் கட்டணமும் படிப்படியாக உயர்கிறது. பழைய வண்டியைப் பேணி வைத்திருப்பவரைப் பற்றாளர் என்கிறோம். அவருடைய பற்றில் இக்கட்டணத்தின் பங்கு எவ்வளவு என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சந்தையைத் தேர்தல்

உற்பத்தியாளர் இக்கோடுகளை முன்வைத்தே சந்தையைத் தேர்கின்றனர். 1950களின் பிற்பகுதியில் ஹோண்டா வெளிநாட்டுச் சந்தையைத் தேடியபோது, அந்நிறுவனத்தின் கிஹாச்சிரோ கவாஷிமா தென்கிழக்காசியாவையும் ஐரோப்பாவையும் சுற்றிப் பார்த்தார். சிறு வண்டிகள் பெருகிவந்த தென்கிழக்காசியாவே ஏற்றது என்பது அவர் கருத்து. நிர்வாகத்தை நடத்திய தாக்கெயோ ஃபுஜிசாவா முதலில் அமெரிக்காவுக்கே செல்லவேண்டும் என்றார். அங்கு வென்ற பொருளை உலகம் ஏற்கும் என்பது அவர் கணக்கு. 1959இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோண்டாவின் கிளை திறக்கப்பட்டது. எனினும் சூப்பர் கப் நிலையாக வேரூன்றியது கவாஷிமா கண்ட நிலப்பகுதியில்தான். 2017இல் அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது.

தமிழகத்து நிறுவனமும் இப்பாடத்தைக் கற்றது. கப்சாய் வடிவம் இந்தியாவில் வேரூன்றவில்லை. ஹீரோ ஹோண்டா ‘ஸ்ட்ரீட்’ என்னும் பெயரில் கொணர்ந்த அவ்வகை வண்டி வரவேற்புப் பெறவில்லை. ஆயினும் இந்தோனேசியாவில் ஆலை அமைத்த டிவிஎஸ், 2007இல் அந்நாட்டவருக்கென ‘நியோ’ என்னும் கப்சாய் வகை வண்டியையே வெளியிட்டது. அவ்வடிவ வண்டியை இந்தோனேசியர் ‘பெபெக்’, அதாவது வாத்து, என்கின்றனர். ஓசூர் நிறுவனம் அங்கு வாத்து விற்கப் போயிற்று. சந்தை கேட்ட வடிவத்தைத் தருவதே வணிகம்.

பந்தயப் பிரிவைத் தேர்தல்

பந்தயக் களத்திலும் இதே முறைமை காணப்படும். இங்கிலாந்துக்கு அண்மையிலுள்ள மேன் தீவில் நடைபெறும் டிடி பந்தயத்தில் பங்கேற்பதாக 1954இல் ஹோண்டா அறிவித்தார். 1959இல் அவர் நிறுவனம் களமிறங்கிய பிரிவு 125 சிசி. பெரிய பிரிவுகள் இருக்க, சிறு வண்டி செய்து விற்ற நிறுவனம் தன் திறனை மெய்ப்பிக்கச் சிறு பிரிவையே நாடியது இயல்பே. ஆறாமிடமும் அணிப் பரிசும் கிட்டின. 1961இல் 125, 250 ஆகிய இரு பிரிவுகளிலும் அதே தீவில் ஹோண்டா வென்றது. 50 சிசி பிரிவு 1962இல் உலகப் போட்டியாகியபோது முதல் பட்டத்தைப் பெற்றது சுசுகி.

விற்பனை மாறும்போது பிரிவும் மாறும். புகைக் கட்டுப்பாடுகளால் இருவீச்சு இயந்திரங்கள் சாலையிலிருந்து மறைந்தன. களமும் அவ்வழியே சென்றது. 2002இல் தலைமைப் பிரிவில் நான்குவீச்சு இயந்திரங்கள் புகுந்தன. 2010இல் 250 சிசி பிரிவும், 2012இல் 125 சிசி பிரிவும் நான்குவீச்சுப் பிரிவுகளுக்கு வழிவிட்டன.

களம் அமையும் இடமும் கருதத்தக்கது. சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் ஓடின. இன்று உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் காண விழைவோர் செப்பாங் செல்கின்றனர். 1999 முதல் அது அங்கு நடைபெறுகிறது. 2018இல் தாய்லாந்தின் புரிராமும், 2022இல் இந்தோனேசியாவின் மண்டாலிகாவும், 2023இல் இந்தியாவின் புத் பந்தயத் தடமும் அவ்வரிசையில் இடம்பெற்றன. இவை யாவும் மோட்டார் சைக்கிள் பெருமளவில் விற்கும் நாடுகள். கப்சாய்க்கும் தனிக் களம் உண்டு. மலேசியாவின் ‘கப் பிரீ’ 1994 முதல் நடைபெறுகிறது; ஆசியச் சாலைப் பந்தயத் தொடரில் 150 சிசி ‘அண்டர்போன்’ பிரிவு அவ்வகை வண்டிகளுக்கே உரியது. 2022 முதல் அத்தொடரின் ஓர் அங்கமாக டிவிஎஸ் தன் வண்டிகளுக்கெனத் தனிப் போட்டியும் நடத்திவருகிறது.

களமின்றியும் பற்று வாழும் என்பதையும் மறத்தலாகாது. 2020இல் உலகப் பட்டம் வென்ற சுசுகி, 2022இன் இறுதியில் அக்களத்தினின்று விலகியது. அதன் சாலை வண்டிகள் தொடர்ந்து விற்கின்றன. புல்லட்டின் புகழோ பந்தயக் கோப்பைகளால் விளைந்ததன்று.

தேக்கா என்னும் பெயர்

இனி, தொடங்கிய இடத்திற்கே மீள்வோம். தேக்கா என்னும் பெயரைத் தேக்கு மரத்தோடு இணைப்போர் உளர். ‘தெக் கியா கா’ என்னும் ஹொக்கியன் தொடரின் மரூஉவே அது; சிறு மூங்கில்களின் அடி என்பது பொருள். கப்சாயில் ‘சாய்’ தரும் சிறுமைப் பொருளையே இங்குக் ‘கியா’ தருகிறது. 1982இல் இங்குப் புதிய கட்டடம் எழுந்தபோது அதற்கு மாண்டரின் ஒலிப்பில் ‘சூஜியாவ்’ எனப் பெயரிடப்பட்டது. பலகை மாறியும் மக்கள் நா மாறவில்லை. 2000இல் ‘தேக்கா நிலையம்’ என்னும் பெயரே பலகைக்கு ஏறியது.

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது இது. சட்டம் கோடு வரைகிறது. உற்பத்தியாளர் அக்கோட்டுக்கு ஏற்பப் பொருள் செய்கின்றனர். களம் அப்பொருளுக்குப் புகழ் தேடுகிறது. பெயரை நிலைநிறுத்துவதோ அன்றாடம் அதை வழங்கும் மக்கள். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடம். இவை நமக்குக் கிடைத்த நல்ல கோடுகள். அவற்றால் தமிழுக்கு ஒரு களம் அமைந்துள்ளது. ஆனால் கோட்டின் பாதுகாப்பை மொழிப்பற்று என நாம் மயங்கிவிடலாகாது. தேர்வுக்கு அப்பால் மாணவர் தமிழை வழங்கும் இடங்கள் குறையுமாயின், பலகையில் தமிழ் இருந்தும் நாவில் இராது. சூஜியாவ் என்னும் பலகைக்கு நேர்ந்தது எந்தப் பலகைக்கும் நேரலாம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைப்போம். மாணவர் தம் வீட்டு வண்டியின் பெயர், அதன் சிசி, அதை வீட்டார் தேர்ந்த காரணம் ஆகியவற்றைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ தமிழில் கேட்டு எழுதி வரட்டும். வண்டியில்லாத வீட்டார் நாளும் ஏறும் பேருந்தைப் பற்றிக் கேட்கலாம். ஆகுபெயருக்கு எடுத்துக்காட்டுகள் கிடைக்கும்; பற்றின் வேர்களும் புலப்படும். அந்த உரையாடல் தமிழில் நிகழ்ந்திருக்கும் என்பதே அப்பயிற்சியின் முதற்பயன்.