உண்ணாமல் வாழும் ராட்சத அந்துப்பூச்சி

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மழைக்கால இரவுகளில் இங்கே விளக்கடிச் சுவரில் செம்பழுப்பு நிறப் பூச்சி ஒன்று சிறகு விரித்து ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். அது அட்லஸ் அந்துப்பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்த இனத்தின் பெயர் அட்டகஸ் டப்ரோபேனிஸ். சிறகின் அகலம் 20 சென்டிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. சிறகு நுனி பாம்பின் தலையைப் போலத் தெரிவதால் பறவைகள் நெருங்கத் தயங்கும் என்று கருதப்படுகிறது. சிறகின் நடுவே செதில்களே இல்லாத முக்கோணச் சாளரங்கள் கண்ணாடிபோல் மின்னும்.

இத்தனை பெரிய உடலுக்கு உணவு எது? எதுவும் இல்லை. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது கொய்யா, எலுமிச்சை போன்றவற்றின் இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்பே அதன் மொத்த முதல். அதை வைத்து ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு இறந்துவிடும். பெண் பூச்சி ஒரே இடத்தில் அமர்ந்து மணத்தைக் காற்றில் விடும். ஆண் பூச்சி, இறகு போன்ற உணர்கொம்புகளால் அதை வெகு தொலைவிலிருந்தே முகர்ந்து தேடி வரும்.

பட்டு என்றதும் நினைவுக்கு வரும், காஞ்சிபுரம் சேலைக்கு இழை தரும் மல்பெரிப் புழு வேறு குடும்பம். டஸ்ஸார், முகா, எரி பட்டுப் பூச்சிகளே அட்லஸின் உறவினர். அட்லஸும் பட்டுக்கூடு கட்டும். ஆனால் இழை ஒரே நீளமாக வராமல் துண்டு துண்டாக வருவதால், பஞ்சைப் போலத்தான் நூற்க முடியும்.

அட்லஸுக்கு நம் விளக்குகள் பெரிய ஆபத்து. பூச்சிகள் இரவில் வெளிச்சமுள்ள பக்கம் முதுகைத் திருப்பிப் பறக்கும். வானம்தான் வெளிச்சமான பக்கம் என்பதால் மேல் எது, கீழ் எது என அறிய அது சரியான வழி. செயற்கை விளக்கு அருகில் இருந்தால் அந்தப் பழக்கமே அவற்றைச் சுற்றிச் சுற்றிச் சிக்கவைக்கும் என்பதை 2024ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உண்ணாத பூச்சிக்கு, விளக்கைச் சுற்றி வீணாகும் ஒவ்வொரு இரவும் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

ஆகவே கொல்லிமலையில் தங்குவோர் தேவையில்லாத வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். தோட்டத்துக் கொய்யாவில் பருத்த புழுவைக் கண்டால் மருந்தடிக்காமல் விடுங்கள். சில இலைகள்தான் போகும். ஓர் அட்லஸ் பிழைக்கும்.