பட்டறையில் பிறக்கும் பந்தயக் கார்

எம்.கே.பி. நகர் பக்கமாக ஓடும் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் மூலக்கடை, மாதவரம், செங்குன்றம் தாண்டிச் சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அதைத்தான் பந்தயக் களமாக வைத்திருந்தது. இந்தியாவில் கார் பந்தயம் என்றாலே சோழவரம் என்றிருந்த காலம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனித் தடம் திறந்ததும் அந்த ஆரவாரம் ஊருக்கு மேற்கே போய்விட்டது.

பந்தயத்துக்கும் வடசென்னைக்கும் அதோடு உறவு முடிந்துவிட்டதா? முடியக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கான காரணம், நாம் தெருவில் தினமும் பார்க்கும் சின்ன காரிலேயே இருக்கிறது.

வீட்டுக் கார், பந்தயக் கார்

ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் பந்தயத்துக்காகவே பிறக்கிறது. டூரிங் கார் அப்படியல்ல. ஷோரூமில் விற்கும் காரை வாங்கி, விதிகள் விடும் எல்லைக்குள் திருத்தி, களத்தில் இறக்குவார்கள். சோழவரத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் அப்படித்தான் ஓடின. பெங்களூரில் தயாரான சிபானி டால்பின் 1980-களில் வந்தபோது பந்தயக்காரர்கள் அதை விரும்பி எடுத்தார்கள். 848 சி.சி. எஞ்சின்தான். ஆனால் ஃபைபர் உடம்பு, எடை குறைவு, பின்சக்கர இழுவை. குடும்பக் காராகப் பெரிதாக விலைபோகாத வண்டி, பந்தயத்தில் பெயர் வாங்கியது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அந்தச் சின்ன எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அந்த வகைக் காரில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். சந்தைக்குப் போக வாங்கிய காரின் எஞ்சினிலிருந்து உலகக் களம் வரை ஒரு பாதை போட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கை வைக்கும் இடங்கள்

ஹேட்ச்பேக் என்னும் அந்தச் சின்ன கார் பந்தயக் காராக மாறுவது கழற்றுவதில் தொடங்குகிறது. பின்சீட், கார்ப்பெட், ஏ.சி., கதவுப் பலகை, சத்தம் தடுக்கும் தார்ப் பூச்சு என எல்லாம் வெளியே போகும். ஒவ்வொரு கிலோவும் வேகத்துக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் சுமை.

அடுத்து ரோல் கேஜ். எஃகுக் குழாய்களை வளைத்து, கூரையோடும் தூண்களோடும் தரையோடும் பற்றவைத்துக் காருக்குள்ளேயே ஒரு கூண்டு கட்டுகிறார்கள். கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காப்பது இதுதான். காரின் உடம்பு முறுகாமல் இறுக்கிப் பிடிப்பதும் இதுவே. ஒரு வெல்டிங் பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. பிறகு பக்கெட் சீட், தோள்களையும் இடுப்பையும் கட்டும் பல முனை பெல்ட், தீயணைப்புக் கருவி, வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்.

நுட்பம் அதிகம் தேவைப்படுவது சஸ்பென்ஷனில். முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்கள் இரண்டும் வண்டியை இழுக்க வேண்டும், திருப்பவும் வேண்டும். வேகமாக வளைவுக்குள் நுழைந்தால் அவை பிடி இழந்து, வண்டி வளையாமல் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இதைச் சரிக்கட்டப் பின்பக்க ஸ்பிரிங்கையும், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரையும் கடினமாக்குவார்கள். அப்போது வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். பார்ப்பவருக்குப் பதற்றம், ஓட்டுபவருக்கோ செட்டிங் சரியாக அமைந்ததற்கு அடையாளம்.

எஞ்சினின் பங்கும் பெரிது. ஃபோக்ஸ்வேகன் 2010-இல் இந்தியாவில் போலோ கப் பந்தயத்தைத் தொடங்கியது. 2012-இல் அதில் ஓடிய போலோவுக்கு 1.4 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின், 180 குதிரைத்திறன். அப்போது சாலையில் ஓடிய சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் போலோவுக்கு 75-தான். உலக அளவில் 2015 முதல் நடக்கும் டி.சி.ஆர். என்னும் டூரிங் கார் பந்தயங்களில் 2 லிட்டர் டர்போ எஞ்சினோடு சுமார் 350 குதிரைத்திறன் கொண்ட ஹேட்ச்பேக்குகள் மோதுகின்றன. ஹூண்டாய் ஐ30 என் டி.சி.ஆர். காரில் கேப்ரியேலே தார்க்வினி 2018-இல் டூரிங் கார் உலகக் கோப்பை வென்றபோது அவருக்கு வயது 56. அதே ஹூண்டாயின் இந்தியத் தொழிற்சாலை ஒன்று, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கும் பகுதியில்தான் இருக்கிறது.

யாருக்குத் திறக்க வேண்டும் இந்தக் கதவு?

இந்தியப் பந்தயங்களில் ஓடும் டயர்களில் எம்.ஆர்.எஃப். பெயரைப் பார்க்கலாம். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அந்தக் கொட்டகை இருந்தது திருவொற்றியூரில். அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய இடம் எண்ணூர். இந்தியாவில் என்ஃபீல்டு புல்லட் தயாரானதும் திருவொற்றியூரில்தான். எஞ்சினும் டயரும் இந்த மண்ணுக்குப் பழகிய தொழில்.

இன்றைக்கும் வியாசர்பாடியிலும் மாதவரத்திலும் டிங்கரிங், லேத், வெல்டிங் தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. கால்பந்தும் கேரமும் குத்துச்சண்டையும் இந்தத் தெருக்களிலிருந்து சாம்பியன்களை உருவாக்கியிருக்கின்றன. பந்தய ஓட்டுநராக நிறையப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஓட்டுநர் ஒருவர் களத்தில் இறங்க, பின்னால் ஒரு குழுவே வேலை செய்ய வேண்டும். கேஜ் கட்ட, கியர்பாக்ஸ் பிரிக்க, சக்கரக் கோணம் அளக்க, டயர் வெப்பம் பார்க்க, டேட்டா படிக்க. அதற்கு வேண்டியது கைத்திறனும் பயிற்சியும்.

இரவில் சாலையில் பைக் ரேஸ் ஓடிச் சாகும் பையன்களைப் பற்றி நாம் வருத்தப்படுகிறோம். போலீஸ் பிடிக்கிறது, வண்டியைப் பறிக்கிறது. வேகத்தின் மீதுள்ள அந்த ஆசைக்கு ஒழுங்கான வழி காட்ட யாரும் முன்வரவில்லை. வடசென்னையின் ஐ.டி.ஐ. மாணவர்கள் பந்தயக் குழுக்களோடு ஒரு சீசன் வேலை பழக ஏற்பாடு செய்யலாம். பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி, விதிப்படி பந்தயக் காராகக் கட்டுவதையே ஒரு பாடமாக வைக்கலாம். செய்ய வேண்டியவர்கள் அரசும், பந்தயக் கிளப்புகளும், இந்த மண்ணில் வளர்ந்த நிறுவனங்களும். பந்தயத்துக்கு ஓடுதளமும் டயரும் தந்த வடசென்னைக்கு, பந்தயத்தில் வேலையும் மதிப்பும் கேட்க உரிமை உண்டு.