குழவியை மட்டும் மாற்றாதீர்கள்: பழைய லாரியின் பின் ஆக்சில் எப்படி இயங்குகிறது?

பல வருஷம் சேர்ந்து அரைத்த ஆட்டுக்கல்லும் குழவியும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தியிருக்கும். அடுத்த வீட்டுக் குழவியைப் போட்டால் ஓரிடத்தில் உரசும், இன்னோரிடத்தில் உளுந்து அரைபடாமல் நழுவும். லாரியின் பின் ஆக்சில் நடுவே புடைத்திருக்கும் ஹவுசிங்குக்குள் கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களும் அப்படியொரு ஜோடி.

புரப்பல்லர் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் சுழல்கிறது. சக்கரத்தின் அச்சோ குறுக்கே கிடக்கிறது. ஷாஃப்டோடு சுற்றும் பினியன் கிரவுனைத் தள்ளும்போது திசை திரும்புகிறது, வேகம் குறைந்து இழுவை கூடுகிறது. பழைய டாடா லாரிகளில் பினியனுக்கு 6 பல், கிரவுனுக்கு 41 என்பது பழக்கமான கணக்கு. 6-க்கும் 41-க்கும் ஒன்றைத் தவிர பொது வகுஎண் கிடையாது. அதனால் ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பல்லையும் மாறிமாறிச் சந்திக்கிறது, தேய்மானம் சமமாகப் பரவுகிறது. எத்தனை அழகான ஏற்பாடு! கிரவுனோடு சுற்றும் கூண்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள், வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாக ஓட இடம் கொடுக்கின்றன.

கோளாறு முதலில் காதுக்குத்தான் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால், பல் பொருத்தத்தில் சந்தேகம். வேகத்தோடு கூடும் உறுமல் என்றால் பேரிங். திரும்பும்போது மட்டும் சத்தமென்றால் கூண்டுக்குள் பாருங்கள். ஆயிலை இறக்கினால் ட்ரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் பசை ஒட்டியிருப்பது சகஜம். விரலில் குத்தும் சில்லு சகஜமில்லை.

பெரும்பாலும் முதலில் தளர்வது பேரிங்தான். பினியன் இடம் பெயரும். பல்லின் நடுவில் விழவேண்டிய அழுத்தம் ஓரத்துக்குப் போகும். சின்ன உறுமலிலேயே இறக்கிவிட்டால் பேரிங், ஆயில் சீல் செலவோடு ஜோடி பிழைத்துக்கொள்ளும். பல் பொரிந்துவிட்டால் வேறு வழியில்லை. மழுங்கிய ஆட்டுக்கல்லைக் கொத்திக்கொள்ளலாம். பல்லுக்குக் கடினம் மேல்தோலில்தான், அது போனால் போனதுதான். தொழிற்சாலையில் சேர்த்துத் தேய்த்து, ஒரே எண் பொறித்து வரும் செட்டாகவே வாங்க வேண்டும். பினியன் மட்டும் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஜோடியை இறக்குவது சுலபம். சக்கரத்தைக் கழற்றாமலே ஹப் போல்ட்டுகளை அவிழ்த்து ஆக்சில் ஷாஃப்டை உருவலாம். ஆனால் உருவியபின் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது; சக்கரத்துக்குக் கட்டை போடாமல் கை வைக்கக் கூடாது.

நிதானம் வேண்டியது பூட்டும்போது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் கால் பங்கை ஒட்டியது. சரியான அளவை அந்த வண்டியின் மேனுவலில் பார்த்து, டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். இறுக்கினால் சூடேறிக் கருகும், தளர்த்தினால் கியர் மாற்றும்போதெல்லாம் இடிக்கும். பிறகு பல்லில் மார்க்கிங் பெயின்ட் தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடம் நடுவில் விழும்வரை ஷிம் தகடுகளை மாற்றி மாற்றிப் போடுவதுதான் வேலை. கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று மூடும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

காயலான் கடையில் முழுத் தொகுதியாக வாங்குவதும் நல்ல வழிதான், பல் எண்ணிக்கை ஒத்துப்போனால். எண்ணாமல் வாங்கினால் இழுவையும் ஸ்பீடாமீட்டரும் மாறிவிடும்.

மூடுமுன் ஹவுசிங் மேலுள்ள பிரீதரைத் துடைத்துவிடுங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீல் வழியாகவே ஆயில் கசிந்து பிரேக் லைனர்வரை போகும்.