சுமைதாங்கிக் கல் எங்கே?



கன்னிவாடிக்கு ஒரு கூட்டத்துக்காகச் சென்றிருந்தோம். திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடர் தரையைத் தொடும் இடத்தில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் பாளையக்காரர் ஆண்ட ஊர்; இன்று பேரூராட்சி. இங்கிருந்து தருமத்துப்பட்டி வழியாக ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் மலைச்சாலை ஏறுகிறது. மேலேயிருந்து காப்பி இறங்குகிறது, மிளகு இறங்குகிறது, மலைவாழையும் சௌசௌவும் இறங்குகின்றன. கீழேயிருந்து உரம் ஏறுகிறது, தீவனம் ஏறுகிறது, சிமெண்டு ஏறுகிறது. ஏறுவதும் இறங்குவதும்தான் இந்த ஊரின் பிழைப்பு.

கூட்டம் தொடங்க நேரமிருந்தது. தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தோம். எதிரே ஒரு தீவனக் கடை. அதன் முன்னே வந்து நின்றது ஒரு 'குட்டி யானை'.

குட்டி யானை எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005-இல் டாடா கம்பெனி 'ஏஸ்' என்ற பெயரில் விட்ட நாலு சக்கரச் சிறு வண்டி. கம்பெனி வைத்த பெயரைக் கம்பெனியே வைத்துக்கொள்ளட்டும் என்று தமிழன் தன் வாய்க்குப் பிடித்த பெயரைச் சூட்டிவிட்டான். வந்த புதிதில் அதற்கு இரண்டே சிலிண்டர், 16 குதிரைத் திறன், முக்கால் டன் சுமை. லாரி நுழையாத சந்தில் அது நுழைந்தது. மாட்டுவண்டி ஒரு நாளில் போன தொலைவை ஒரு மணியில் போனது. 2011-இல் அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வந்தது, ஒன்றேகால் டன் சுமையோடு. தோட்டத்து வரப்புவரை மோட்டார் வந்துவிட்டது, நல்லதுதான். நாம் வாழ்த்துகிறோம்.

ஆனால், அந்த வண்டியின் முதுகில் அன்று இருந்ததைப் பாருங்கள்!

மரச்சட்டங்களை அடுக்கி ஆணியடித்த ஒரு தட்டு. 'பேலட்' என்பார்கள். அதன்மேல் ஐம்பது கிலோ மூட்டைகள் இருபது. கண்ணாடித் தாள்போன்ற பிளாஸ்டிக்கால் சுற்றிச் சுற்றி இறுக்கப்பட்டு, ஒரே கட்டியாக, கல்யாணச் சீர்வரிசை போல உட்கார்ந்திருந்தன. இருபது மூட்டை, ஆயிரம் கிலோ. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் என்ற இயந்திரம் தன் இரும்பு நாக்கு இரண்டையும் தட்டின் அடியில் நீட்டி, அலுங்காமல் தூக்கி, நோகாமல் வைத்திருக்கிறது. ஒருவர் நெற்றியிலும் வியர்வை இல்லை. இரண்டு நிமிட வேலை.

இங்கே? இயந்திரமும் இல்லை, மேடையும் இல்லை. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வண்டியில் ஏறிக் கத்தியால் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். மற்ற இருவரும் தலையில் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்கள். முதல் மூட்டை பிடரியில் விழுந்தது. 'தொப்' என்ற அந்தச் சத்தம் தேநீர்க் கடைவரை கேட்டது.

இறக்குவதாவது ஓரளவு எளிது; மேலேயிருந்து பாரம் வருகிறது, ஆள் வாங்கிக்கொள்கிறான். ஏற்றுவதுதான் கொடுமை! சற்று நேரத்தில் மலைக்குப் போகும் ஒரு ஜீப் வந்தது. தரையில் கிடந்த மூட்டையை இருவர் இரு பக்கம் பிடித்து, முட்டி மடக்கி, மூச்சடக்கி, இடுப்பைத் திருப்பி எறிய வேண்டும். இடுப்பைத் திருப்புகிற அந்தக் கணம் இருக்கிறதே, அங்கேதான் முதுகெலும்பின் வட்டு பிதுங்குகிறது என்று எந்த எலும்பு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். பாரத்தோடு குனிவது ஒரு கேடு, பாரத்தோடு திரும்புவது இன்னொரு கேடு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால்தான் இங்கே கூலி.

வேலை முடிந்தது. வெறும் பேலட்டைத் தூக்கிக் கடை ஓரத்தில் சாத்தினார்கள். நாம் அவர்களில் மூத்தவரிடம் கேட்டோம்: "அண்ணே, இந்தப் பலகை எதுக்கு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்க ஏத்துறதுக்கு மிசினு. இங்க இறக்குறதுக்கு நாங்க."

அந்தப் பலகையின் கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை உலகின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குண்டும் உணவும் துணியும் அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் ஆள் தூக்கினால் கப்பல் துறைமுகத்திலேயே தவம் கிடக்கும். பெட்டிகளைத் தட்டில் அடுக்கு, தட்டோடு தூக்கு என்றார்கள். போர் முடிந்து ஆஸ்திரேலியாவை விட்டு அவர்கள் கிளம்பியபோது விட்டுச் சென்ற தட்டுகளையும் தூக்கிகளையும் கொண்டு அந்த நாடு ஒரு பொதுத் தொகுப்பையே ஏற்படுத்திக்கொண்டது. ஐரோப்பாவிலே 1961-இல் இரயில்வேக்கள் கூடிப் பேசி, தட்டு என்றால் 1200 மில்லிமீட்டர் நீளம், 800 மில்லிமீட்டர் அகலம் என்று ஒரே அளவை வகுத்தன. ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள அந்த மரத்தட்டு 1500 கிலோவைத் தாங்கும்.

அளவு ஏன் முக்கியம்? தட்டுக்கு ஏற்ற வண்டி, வண்டிக்கு ஏற்ற மேடை, மேடைக்கு ஏற்ற கிடங்கு என்று சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் பாரம் ஆலையிலிருந்து கடைவரை மனிதப் பிடரியைத் தொடாமலே வந்து சேரும். நம் நாட்டில் சங்கிலியின் தலைமாட்டைப் பொன்போலச் செய்தார்கள்; கால்மாட்டில் வந்ததும் கண்ணி தீர்ந்துபோயிற்று. மிச்சமிருக்கும் இடைவெளிக்கு மனிதனை மாட்டினார்கள்.

அந்த இடைவெளி எவ்வளவு தெரியுமா? தரைக்கும் வண்டித் தளத்துக்கும் நடுவே இடுப்பளவு உயரம். இரண்டரை அடி, வண்டிக்கு வண்டி கொஞ்சம் முன்பின். நிலவுக்கு ஏவுகணை அனுப்பிய நாட்டில் இந்த இரண்டரை அடிக்கு இன்னும் வழி காணவில்லை!

வழி தெரியாதவர்களா நாம்? தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் முடித்தான் இராசராசன். விமானத்தின் உச்சிக்குக் கல் எப்படி ஏறியது? சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் போட்டு ஏற்றினார்கள் என்பது அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. உச்சியில் இருப்பது ஒரே கல்லா, பல கல்லா என்று ஆராய்ச்சியாளர் வாதிடட்டும். சாய்தளத்தின் கணக்கு மட்டும் அன்றும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான். இரண்டரை அடி உயரத்துக்குப் பத்தடி நீளப் பலகையைச் சாய்த்து வையுங்கள். ஐம்பது கிலோ மூட்டையை இரட்டைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து அதன்மீது தள்ளுங்கள். உராய்வை விட்டுக் கணக்கிட்டால், பன்னிரண்டரை கிலோ பலம் போதும். நான்கு மடங்கு தூரம் நடக்கிறோம், நான்கில் ஒரு பங்கு பாரம் இழுக்கிறோம். பள்ளிப் பாடப் புத்தகத்துச் செய்தி இது. கடைத்தெருவுக்கு வரத்தான் வழி தெரியவில்லை.

சுமைதாங்கிக் கல்லை இளைஞர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சாலையோரத்தில் இரண்டு கல் நிற்கும். அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல் படுத்திருக்கும். தோளளவு உயரம். தலைச்சுமையோடு வருகிறவன் யாரையும் "ஒரு கை பிடி" என்று கெஞ்ச வேண்டியதில்லை. குனியாமல் பாரத்தை அதன்மேல் நகர்த்துவான், இளைப்பாறுவான், குனியாமலே மீண்டும் தலைக்கு வாங்கிக்கொள்வான். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நட்டார்கள் நம் முன்னோர். அந்த நம்பிக்கையின் ஆராய்ச்சிக்கு நாம் போகவில்லை. அந்தக் கல்லின் உயரத்தை மட்டும் கவனியுங்கள்: சுமக்கிறவன் தோளைப் பார்த்து அளவெடுத்திருக்கிறார்கள்! மாட்டுவண்டி காலத்தில் இருந்த அந்தப் புத்தி மோட்டார் வண்டி காலத்தில் எங்கே போயிற்று?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், வெட்கத்தோடு. அன்று மாலை நாம் ஏறிப் பேசிய மேடை நான்கடி உயரம். பேசுகிறவனுக்கு ஒரே பொழுதில் மேடை கட்ட முடிந்த ஊரில், சுமக்கிறவனுக்கு மேடை இல்லை.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, ஏட்டில். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 34-ஆவது பிரிவில், உடலுக்கு ஊறு செய்யும் பாரத்தை எவரும் தூக்கும்படி செய்யக்கூடாது என்று எழுதியது. ஆனால் அது தொழிற்சாலைச் சுவருக்குள் நின்றது. தீவனக் கடை வாசலும் தோட்டத்து வரப்பும் தொழிற்சாலை ஆகுமா? 1967-இல் செனீவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு கூடி, ஓர் ஆள் சுமக்கும் பாரத்துக்கு எல்லை வேண்டுமென்று உடன்படிக்கை செய்தது; அதோடு சேர்ந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்றது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திட்டது 2010-இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஒரு மூட்டையை நாற்பத்து மூன்று ஆண்டுகள் தலையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள்.

மராட்டியத்தில் மாத்தாடித் தொழிலாளர்கள் போராடி 1969-இல் தங்களுக்கென்று சட்டம் பெற்றார்கள். கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுத் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. கைரிக்‌ஷாவை 1973-இல் ஒழித்த தமிழகம், 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அதன் வழியில் நலவாரியமும் வந்தது. அதில் பதிந்தவருக்கு விபத்து உதவி உண்டு, ஓய்வூதியம் உண்டு. நாம் கேட்ட மூவரில் பதிந்திருந்தவர் ஒருவர்தான். மற்ற இருவரும் "பாக்கணும்ணே" என்றார்கள். பார்க்க வைக்க வேண்டியது யார் பொறுப்பு? அந்த ஊரில் நமக்குக் கொடி கட்டுகிற தோழர்களின் பொறுப்பு.

மூட்டையின் எடை குறையவே இல்லையா? யூரியா மூட்டை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆனது. தொழிலாளியின் கழுத்துக்கு இரங்கி என்று நினைத்துவிடாதீர்கள். உழவர் உரத்தை அளவுக்கு மீறிப் போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக! மண்ணுக்கு இரங்கினார்கள். மண்ணோடு சேர்ந்து மனிதனுக்கும் ஐந்து கிலோ தள்ளுபடி கிடைத்தது. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி 14 கிலோப் பெட்டியில் புரள்கிறது. எந்த வியாபாரியும் அதனால் நொடித்துப் போகவில்லை. தக்காளி நசுங்கும் என்பதற்காகச் சிறிய பெட்டி. முதுகும் நசுங்குமே!

வண்டி ஓட்டி வந்த தம்பியையும் விட்டுவிட முடியாது. முக்கால் டன் வண்டியில் ஒரு டன் ஏற்றி வந்தவர் அவர். "ரெண்டு தட்டு வைக்கக்கூட எடம் இருக்குண்ணே" என்றார். இடம் இருக்கிறது, ஏழடித் தளம் அல்லவா! எடைக்குத்தான் இடமில்லை. பாரம் பின்சக்கரத்துக்கும் பின்னே தொங்கினால், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை மறக்கும், கைச்சக்கரம் கையை மறக்கும். கனத்தை ஓட்டுநர் அறையின் முதுகோடு ஒட்டி அடுக்கிக் கயிற்றை இறுக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும்போது, ஏறிய அதே கியரிலே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். இதெல்லாம் அந்தத் தம்பிக்குத் தெரியும். நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறார்கள். இரண்டு நடையாகக் கொண்டுவந்தால் டீசலுக்குக்கூடக் கட்டாது. மாதத் தவணை கட்டாவிட்டால் வண்டியே போய்விடும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு இருபதாயிரம் ரூபாய் அபராதம். அதற்குமேல் டன் ஒன்றுக்கு இரண்டாயிரம். சாலையில் மடக்குவது அவரை. ஏற்றி அனுப்பிய கிடங்குக்காரருக்கு அந்நேரம் மதியச் சாப்பாடு.

அந்தப் பாரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து வருகிற சுமைத் தொழிலாளிகளையும் மலைச்சாலையில் பார்த்தோம். தோழர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள்: அது வேண்டாம். வளைவில் மூட்டை சரிந்தால் முதலில் விழுவது நீங்கள், உங்கள்மேல் விழுவது அது. சரக்கு வண்டியின் சுமைமேல் ஆள் ஏறக்கூடாது என்று சட்டம் சொல்வதில் இந்த ஓர் இடத்தில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது.

நாம் கேட்பது மாளிகை அன்று. சந்தை கூடும் இடத்தில், கூட்டுறவுச் சங்கத்து வாசலில், மலைச்சாலை தொடங்கும் முனையில், ஒவ்வொரு மேடை. வண்டித் தளத்தின் உயரம். ஒரு பக்கம் வண்டி பின்னால் வந்து ஒட்டி நிற்க நேர்ச்சுவர். மறுபக்கம் தள்ளுவண்டி ஏற நீண்ட சரிவு. மேலே வழவழப்பான சிமெண்டுத் தரை. கையால் இழுக்கும் ஹைட்ராலிக் தூக்கி ஒன்று இருந்தால், பிடியை ஏற்றி இறக்கிப் பம்ப் அடித்தே இரண்டு டன் தட்டை ஒருவர் நகர்த்தலாம். ஆனால் அதற்குச் சமதரை வேண்டும். சேற்றிலும் சரளையிலும் அது நகராது. அதனால்தான் முதலில் மேடை, பிறகு கருவி. பேரூராட்சிப் பணத்தில் கட்டக்கூடியது இது. தீர்மானம் கொண்டுவர ஓர் உறுப்பினர் போதும்.

"மேடை வந்தா எங்க வேல போயிருமே" என்று அந்த மூவரில் இளையவர் கேட்டார். நியாயமான கேள்வி, சிரித்து ஒதுக்கக் கூடாது. மூன்று பேர் செய்ததை ஒருவர் செய்யலாம் என்று முதலாளி கணக்குப் போடத்தான் செய்வார். ஆகவே மேடை கேட்கும் அதே மூச்சில் கூலியையும் பேச வேண்டும்: கூலி மூட்டைக் கணக்கில்தான் இருக்க வேண்டும், வேர்வைக் கணக்கில் அன்று. கருவி வந்ததென்று காசு குறையக் கூடாது. சங்கம் இல்லாமல் இது நடக்காது. மூன்று பேர் மூன்று திசையில் நின்றால் மேடை வந்தாலும் முதலாளிக்கே வரும்.

மூத்தவர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், நின்றிருந்த வண்டியின் தளத்தைத் தரையிலிருந்து சாண் போட்டு அளந்தார். மூன்று சாணும் நாலு விரலும் என்றார். அதை விட்டு, பக்கத்தில் நின்ற பெரிய வண்டிக்குப் போனார். அது முழுதாக நாலு சாண்.

"அப்ப மேடைய ரெண்டு படியாத்தான் கட்டணும்" என்றார்.