கரியா, கேஸா? பன்னிரண்டு மணி நேரப் புகைக்கறியின் கணக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்குத் தெற்கே லாக்ஹார்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1999-இல் அந்த ஊர்த் தெருவில் விநோதமான ஊர்வலம் ஒன்று போனது. 1900-இல் தொடங்கிய 'க்ரைட்ஸ் மார்க்கெட்' என்ற புகைக்கறிக் கடை பாகப்பிரிவினையில் இரண்டாகியிருந்தது. தொழில் மகன் கைக்கும் கட்டடம் மகள் கைக்கும் போக, வாடகைப் பேச்சு முறிந்து கடை இடம் மாறியது. பழைய அடுப்பின் தணலை ஒரு தகரத் தொட்டியில் அள்ளி, தெருவோடு இழுத்துக்கொண்டுபோய்ப் புதிய அடுப்பில் கொட்டினார்கள். ருசி நெருப்பில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்த ஊரில் அவ்வளவு ஆழம்.

அந்த ருசியை வீட்டுக் கொல்லையில் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் மோதிக்கொள்ளும் கேள்வி, கரி அடுப்பா கேஸ் அடுப்பா என்பது. கரிக்காரர்கள் கேஸை அடுப்பாகவே மதிப்பதில்லை. கேஸ்காரர்களோ, விடிய விடியக் கரியோடு மல்லுக்கட்ட யாரால் முடியும் என்கிறார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் பெரிய இறைச்சித் துண்டு வேகும்போது உள்ளே நடப்பதைப் பார்த்தால், வழக்கின் பாதி தானே கரைந்துவிடும்.

டெக்சாஸ்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் 'பிரிஸ்கெட்' மாட்டின் நெஞ்சுச் சதை. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடலின் பாரத்தைத் தாங்குவதில் இந்தச் சதைக்குப் பெரும் பங்கு. உழைத்து உழைத்து முறுகிய சதை என்பதால் அதில் கொலாஜன் நார் மிகுதி. முழுத் துண்டு 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். சட்டென்று சுட்டால் தோல் செருப்புதான். 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பொறுத்தால், கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயா குடித்தபின் விரலும் உதடும் பிசுபிசுக்கின்றனவே, அதே ஜெலட்டின்தான். இறைச்சியின் நடுப்பகுதி ஏறக்குறைய 95 டிகிரியைத் தொடும்போது பதம் வந்துவிடும்.

வழியில் ஒரு சோதனை காத்திருக்கிறது. உள்சூடு 65, 70 டிகிரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் வெப்பமானியின் முள் அசையாது. புதிதாகச் செய்பவர்கள் பதறிப்போய்த் தீயைக் கூட்டி, கறியைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். க்ரெக் ப்ளாண்டர் என்ற இயற்பியலாளர் இதற்கான காரணத்தைச் சோதித்துப் பார்த்தார். ஈரப் பஞ்சு ஒன்றையும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் சூட்டில் வைத்தார். கொழுப்பின் சூடு தடையில்லாமல் ஏறியது. பஞ்சு பாதியில் நின்றது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். இறைச்சியிலிருந்து கசியும் நீர் ஆவியாகும்போது, அடுப்பு கொடுக்கும் சூட்டை அது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கறியைக் கறிக்கடைத் தாளிலோ அலுமினியத் தாளிலோ இறுகச் சுற்றினால், ஆவி அடங்கி முள் மறுபடி நகரும்.

இதுவரை சொன்ன எதற்கும் எரிபொருள் எது என்பது பொருட்டில்லை. சூடு சீராக இருந்தால் போதும்.

அப்படியானால் புகை? இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. புகைக்கறியின் மணம் விறகிலிருந்து வருவது. விறகில் உள்ள லிக்னின் வெந்து சிதையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற மணப்பொருள்கள் பிறக்கின்றன. கரி என்பது அவையெல்லாம் ஏற்கெனவே எரிந்து வெளியேறிய மரம். நன்றாகக் கனன்ற கரியிலிருந்து புகையே அதிகம் வராது. 'கரியில் சுட்ட மணம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, கொழுப்பும் சாறும் தணலில் சொட்டிப் பொசுங்கும் மணம். பெரிய துண்டைத் தணலுக்கு நேர்மேலே வைக்காமல் ஒதுக்கி வைத்துத்தான் வேகவிடுவார்கள் என்பதால், அந்த மணமும் குறைந்துவிடும். ஆக, அடுப்பு எதுவானாலும் ஓக், ஹிக்கரி, மெஸ்கீட் என்று விறகுத் துண்டு வேண்டும். லாக்ஹார்ட் தெருவில் இழுத்துச் சென்றதும் ஓக் விறகின் தணல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் கரிக்கு மெய்யான சில அனுகூலங்கள் உண்டு. முதலாவது, காற்று. 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் கடல் மிதவை செய்யும் அரைக்கோளங்களைக் கொண்டு மூடியுள்ள உருண்டை அடுப்பைச் செய்தார். இன்று உலகமெங்கும் விற்கும் வெபர் கெட்டில் அடுப்பு அதுதான். அதன் கீழ்த்துளையைக் குறுக்கினால் தீ அடங்கும், புகை கறியைச் சுற்றித் தங்கும். கேஸ் அடுப்பில் அது நடக்காது. பர்னருக்குக் காற்று ஓயாமல் வேண்டும், எரிந்த வாயு வெளியேறவும் வேண்டும் என்பதால் மூடியின் பின்புறம் பெரிய திறப்பு இருக்கும். போட்ட புகையில் பெரும்பங்கு அந்த வழியாகப் போய்விடும்.

இரண்டாவது, சூட்டின் தன்மை. 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. கரி பெரும்பாலும் கார்பன். அதன் சூடு வறண்டது. வெட்டிய கறியின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் விறகும் கரியும் எரியும் அடுப்பில் எளிதாக விழும். எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து அந்தச் சிவப்பை நிலைக்கச் செய்கின்றன. வளையம் கண்ணுக்குத்தான் அழகு, அதற்கென்று தனி ருசி கிடையாது.

கரியின் விலை உழைப்பு. அதைக் குறைக்க 'பாம்பு முறை' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கெட்டிலின் உட்சுவரை ஒட்டி, கரிக்கட்டிகளை இரண்டிரண்டாகச் சாய்த்து முக்கால் வட்டமாக அடுக்குவார்கள். மேலே ஆங்காங்கே விறகுத் துண்டு, நடுவில் தண்ணீர்த் தட்டு. ஒரு நுனியில் மட்டும் ஏழெட்டுக் கனன்ற கட்டிகளை வைத்தால், ஊதுவத்தி போல நெருப்பு கட்டி கட்டியாக நகர்ந்து மணிக்கணக்கில் எரியும். அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் கறி கசந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் மெல்லிய நீலப் புகைதான் வேண்டும்.

கேஸ் அடுப்புக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் உள்ள கறியில்தான் புகை நன்றாக ஒட்டும். சிவப்பு வளையமும் ஏறக்குறைய 60 டிகிரியோடு நின்றுவிடும். எனவே முழு முயற்சியையும் முதல் மூன்று நான்கு மணி நேரத்தில் கொட்ட வேண்டும். கறியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வைக்கலாம். ஒரு ஓரத்து பர்னரை மட்டும் ஏற்றி, எதிர் ஓரத்தில் கறி. எரியும் பர்னரின் மேல் விறகுச் சிராய் நிரப்பிய இரும்புப் பெட்டி. சிராய் அடங்க அடங்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாளில் சுற்றியபின் புகைக்கு வேலையில்லை. அதன்பின் குமிழைத் திருகினால் சூடு ஒரே சீராக நிற்கும் கேஸ்தான் வசதி. சிலிண்டர் நடுராத்திரியில் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, அதன் பக்கவாட்டில் வெந்நீர் ஊற்றித் தடவிப் பார்க்கலாம். ஜில்லென்று இருக்கும் மட்டம் வரை கேஸ் இருக்கிறது.

இரண்டு அடுப்புக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரை வாங்கிவிடும். கார் கொட்டகைக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ இந்த வேலை கூடவே கூடாது.

வெந்த கறியை இறக்கியதும் வெட்டக் கூடாது. ஒரு மணி நேரமாவது சுற்றிய தாளோடு ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே பென்சில் கனத்தில் அரிவார்கள். ஒரு துண்டை எடுத்து விரல்மேல் தொங்கவிட்டால் அறுந்து விழாமல் இருபுறமும் வளைந்து தொங்க வேண்டும். இரு நுனியையும் பிடித்து மெல்ல இழுத்தால் சட்டென்று பிரிய வேண்டும். அப்படிப் பிரிந்தால், அது கரியில் வெந்ததோ கேஸில் வெந்ததோ, பதம் சரி.